கேளுங்கள், சொல்கிறேன்: மேடை நாடகமும் சின்னத்திரையும்

மட்டாஞ்சேரி வாசகர்: நாடகாசிரியர் ஒருவரின் நினைவு நாள் வந்தால் டிவியில் மாலை போட்ட படம், நாலு பிரமுகர்களின் பேட்டி, அரை மணியில் முடிந்தது. இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

நாடகத்தைப் போடலாம்! கவிஞரைப் படித்துக் காட்டலாம், பாடகரைப் பாட வைத்துக் காட்டலாம். நாடகாசிரியரை ஆடித்தான் காட்ட வேண்டும். பிபிசி 1978இல் தொடங்கி 1985க்குள் ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களையும் எடுத்து ஒளிபரப்பி முடித்தது. அவருடைய 400ஆவது நினைவு ஆண்டான 2016இல், ஏப்ரல் 23 அன்று, அவர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர் மேடையிலிருந்தே ஒரு முழு மாலை நிகழ்ச்சியைக் காட்டியது. அதில் பேச்சைவிட நடிப்பே அதிகம்.

அதே வாசகர்: எங்கள் ஊருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

கே.எம். சிதம்பரன் இருக்கிறார். 1968இல் அவர் எழுதிய 'துறமுகம்' உங்கள் ஊர்க் கதைதான். கொச்சித் துறைமுகத்தில் அன்று வேலை வேண்டுமென்றால் கையில் 'சாப்பா' இருக்க வேண்டும். சாப்பா என்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோக வில்லை. காலையில் கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே, வேலைக்கு ஆள் எடுக்கும் மூப்பன் அதை விசிறி எறிவான். பொறுக்கியவனுக்கு அன்றைக்குக் கூலி உண்டு. பொறுக்க முடியாதவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரே தெருக்காரர்கள், ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள், அந்த வில்லைக்காக மண்ணில் புரண்டு ஒருவரை ஒருவர் மிதித்தார்கள். அந்த முறையை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தின்போது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சைது, சைதலவி என்ற இரண்டு தொழிலாளர்கள் குண்டடிபட்டு இறந்தார்கள். ஆன்டணி என்பவர் போலீஸ் அடியில் உயிர்விட்டார். அதற்குப் பிறகும் சாப்பா ஒழிய 1962 ஆயிற்று. இதை மேடைக்குக் கொண்டுவந்தவரைக் கொண்டாடாமல் வேறு யாரைக் கொண்டாடுவது?

ஆலுவா வாசகி: அதுதான் சினிமாவாக வந்துவிட்டதே, போதாதா?

போதாது. ராஜீவ் ரவி இயக்கி 2023 மார்ச்சில் வெளிவந்த படம் நல்ல படம். சிதம்பரனின் மகன் கோபன் சிதம்பரனே திரைக்கதை எழுதினார். அப்பா எழுதியதை மகன் அடுத்த தலைமுறைக்குச் சேர்த்தது பெரிய காரியம். ஆனால் கேமரா துறைமுகம் முழுவதையும் காட்டிவிடும். நாடகம் நாலு பலகைக்குள் துறைமுகத்தைக் கொண்டுவர வேண்டும். அந்தச் சாமர்த்தியம் நாடகாசிரியருக்கே உரியது. அதைப் பார்க்க மேடைப் பிரதியும் திரைக்கு வர வேண்டும்.

கோவை வாசகர்: கொச்சிப் பக்கத்துச் சவிட்டு நாடகத்தில் தமிழ் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

கேட்டதற்கு நன்றி. தமிழர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கொச்சி முதல் கொடுங்கல்லூர் வரை கடலோர லத்தீன் கத்தோலிக்கர்கள் ஆடிவரும் கலை சவிட்டு நாடகம். அதன் தலைசிறந்த நாடகம் 'காறல்மான் சரிதம்'. பிராங்குகளின் பேரரசன் சார்லமேனும் அவனுடைய பன்னிரண்டு வீரர்களும்தான் கதை. இதை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்று ஆட்டக்காரர்களின் மரபு சொல்கிறது. பழைய சுவடிகளின் மொழியே தமிழ் கலந்ததுதான். நம் தெருக்கூத்தில் வருகிற கட்டியக்காரன் அங்கேயும் வருகிறான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கூத்துப் பழக்குகிறவரை அண்ணாவியார் என்கிறார்களே, அந்தப் பட்டம்தான் இவர் பெயரிலும் நிற்கிறது. முழுக் கதையையும் ஆட பதினைந்து இரவு வேண்டும் என்பது பழைய கணக்கு.

ஐரோப்பிய அரசன் கதை, தமிழ் கலந்த பாட்டு, மலையாளக் கரையில் ஆட்டம்! பாடுகிற மீனவருக்கும் தச்சருக்கும் பல வரிகளுக்கு நேர்ப்பொருள் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் தாத்தா பாடியதை அடி பிசகாமல் பேரன் பாடுகிறான். நம் மொழியை நமக்காகக் காத்து வைத்திருக்கும் அந்த மக்களுக்குத் தமிழ்த் தொலைக்காட்சிகள் ஒரு முழு இரவைக் கொடுக்கலாம்.

சென்னை வாசகர்: நான் சின்னத்திரையில் வேலை பார்க்கிறேன். சவிட்டு நாடகத்தை எடுத்தால் எடுபடுமா?

காலைக் காட்டினால் எடுபடும். 'சவிட்டு' என்றால் மிதிப்பது. இந்த ஆட்டத்துக்குத் தரையிலிருந்து உயர்த்திப் பலகை அடுக்கி மேடை கட்டுகிறார்கள். அடியில் வெற்றிடம் இருப்பதால் பலகையே முரசாகிவிடும். செண்டையும் இலத்தாளமும் ஏறும்போது பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் காலை ஊன்றுவார்கள். பார்க்கிறவர் நெஞ்சில் இடிக்கும். கேமராக்காரர்களோ மினுமினுக்கும் கிரீடத்தையும் உடுப்பையும் விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பாட்டுக்காரருக்கு ஒரு மைக் வைத்தால், பலகைக்கு அடியில் இரண்டு வையுங்கள். ஒரு கேமராவைக் கணுக்கால் உயரத்தில் நிறுத்துங்கள். ஓரத்தில் தாளத்தோடு நின்று அடி எடுத்துக் கொடுக்கும் ஆசானை மறந்துவிடாதீர்கள். சார்லமேனைவிட அவர் முகத்தில் நாடகம் அதிகம்.

அதே வாசகர்: இளைஞர்கள் பார்ப்பார்களா?

பார்ப்பதென்ன, ஆடுகிறார்கள்! 2012-13இல் கேரளப் பள்ளிக் கலைவிழாவில் சவிட்டு நாடகம் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. அன்று முதல் மாவட்டந்தோறும் பிள்ளைகள் ஆசானைத் தேடிப் போகிறார்கள்.

நாகர்கோவில் வாசகர்: பி.ஜே. ஆன்டணி நடிகர்தானே, அவரை நாடகாசிரியர் என்கிறார்களே?

எம்.டி. வாசுதேவன் நாயரின் 'நிர்மால்யம்' (1973) படத்தில் வெளிச்சப்பாடாக, அதாவது கோயில் சாமியாடியாக, நடித்துத் தேசிய விருது வாங்கிய முகம் அவர் பேனாவை மறைத்துவிட்டது. நம் எம்.ஜி.ஆர். 'ரிக்‌ஷாக்கார'னுக்கு வாங்கிய அதே விருதுதான். ஆனால் ஆன்டணி நாடகக்காரர். எழுதினார், இயக்கினார், குழு நடத்தினார். 1953 துப்பாக்கிச் சூட்டை ஊர் மறக்காமல் வைத்திருக்கும் பாட்டும் அவருடையது என்று கொச்சிக்காரர்கள் சொல்வார்கள். 1925இல் பிறந்து 1979இல் மறைந்தவர். நூற்றாண்டு கடந்துவிட்டது. விருது வாங்கிய கடைசிக் காட்சியையே திரும்பத் திரும்பப் போடுவதை விட்டு, அவர் எழுதிய நாடகம் ஒன்றைப் புதிதாக நடிக்க வைத்து ஒளிபரப்புவதே அவருக்கு மரியாதை.

மதுரை வாசகி: தமிழ்நாட்டில் முதலில் எந்த நாடகாசிரியருக்கு நிகழ்ச்சி எடுக்க வேண்டும்?

உங்கள் ஊர்ப் பக்கமே பதில் சொல்லும். சங்கரதாஸ் சுவாமிகள்! 1922இல் மறைந்தவரின் 'வள்ளி திருமண'த்தை இன்றும் தென் மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய ஆடுகிறார்கள். ஏதாவது ஒரு கிராமத்தில் அதை முழுசாக, வெட்டாமல், வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தோடு எடுத்து ஒளிபரப்பட்டும். முன்பு சென்னைத் தொலைக்காட்சியின் செவ்வாய்க்கிழமை நாடகத்துக்காகத் தெருவே ஒரு வீட்டில் கூடும். நாடகம் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இருந்ததுதான்.

திருச்சி வாசகர்: யூடியூபில் எல்லாம் கிடைக்கும்போது டிவி எதற்கு?

தேடுகிறவருக்கு யூடியூப் போதும். இப்படி ஒருவர் இருந்தார் என்றே தெரியாதவர் எதைத் தேடுவார்? அவர் வீட்டுக் கூடத்துக்குள் போவது டிவிதான்.

மட்டாஞ்சேரி வாசகி: எங்களைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்?

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியதிலேயே பெரும்பகுதி இன்று கைக்குக் கிடைக்கவில்லை. பிரதி இல்லாவிட்டால் எந்த டிவியும் எதையும் காட்ட முடியாது. உங்கள் வீட்டுப் பரணில் நாடகச் சுவடி, நோட்டுப் புத்தகம், பழைய நாடக நோட்டீஸ், ஒத்திகைப் படம் எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். தமிழ் என்றால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும், மலையாளம் என்றால் திருச்சூரில் உள்ள கேரள சங்கீத நாடக அகாதமிக்கும் எழுதுங்கள். இந்த வாரமே பரணில் ஏறிப் பாருங்கள்.