காது கிடக்கு, மீன் எங்க?

இஞ்ச வா மனே, இந்தத் திண்ணையில குந்து. மூஞ்சைய ஏன் கருவாட்டுத் தலை மாதிரி வச்சிருக்காய்? பரிசு கிடைக்கல்ல எண்டுதானே? கிடைக்காதெண்டு உன்ட பெத்தாவே சொன்னா. அவவுக்கு ரெண்டு கண்ணிலயும் வெள்ளை படர்ந்து கிடக்கு, அதுக்கே விளங்கியிருக்கு.

போட்டோப் போட்டிக்குத் தலைப்பு எங்கட மட்டக்களப்பு வாவியின்ட ‘பாடும் மீன்’. மற்றப் பொடியன்கள் என்ன செஞ்சான்கள்? பொழுது படக்குள்ள கல்லடிப் பாலத்தில போய் நிண்டு, சிவத்த வானம், கறுத்த தோணி, வலை வீசுற மனுசன் எண்டு எடுத்துக் குடுத்தான்கள். அந்த வலைக்காரனை எனக்குத் தெரியும். கமெராவைக் கண்டா மீனே இல்லாத இடத்திலயும் வலையை வட்டமா விரிப்பான். ஒரு வீச்சுக்கு இவ்வளவு எண்டு காசு. இப்ப மீனை விட அதுதான் அவனுக்கு ஆதாயம்.

நீ என்ன செஞ்சாய்? பறுவத்து இரவில என்னைத் தோணியில ஏத்தினாய். சவள் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, பாட்டுக் கேக்க மற்ற நுனியைக் காதில வைக்கச் சொன்னாய். டோர்ச்சை ஒரு பக்கமாப் பிடிச்சு, காதை மட்டும் எடுத்தாய். படம் முழுக்கக் கறுப்பு. நடுவில ஒரு கிழட்டுக் காது, அதில அஞ்சாறு நரை மயிர், காதோட ஒட்டின ஒரு மரத்துண்டு, அந்த மரத்தில வழியிற ஒரு துளி தண்ணி. மீனும் இல்ல, வாவியும் இல்ல. ஏறின நிலவைக்கூட விட்டுட்டாய்.

கண்காட்சி அண்டைக்கு உன்ட படத்துக்குப் பக்கத்தில கதிரை போட்டுக் குந்திட்டன். பாட்டுக் கேக்கப் போன இரவை விட அண்டைக்குத்தான் நல்லாக் கேட்டன். ஒரு வாத்தியார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பப் பாத்தார்: “காது கிடக்கு, மீன் எங்க?” ஒரு பொம்புளை, “அகப்பைக் காம்பால காது குடையுது மனுசன்” எண்டா. வெள்ளைச் சேட்டுப் போட்ட பெரிய மனுசர் ஒருத்தர் கையைப் பின்னால கட்டிக்கொண்டு, “அந்தக் காது பாட்டைக் குடிக்குது, பாருங்க” எண்டார். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நாலு முழத் தூரத்தில அதே காதோட நான் குந்தியிருக்கன், ஒருத்தர் கிறுகிப் பாக்கல்லயே! ஒரு சின்னப் புள்ளதான், “இந்த அப்பு ஆரோட போன் கதைக்கிறார்?” எண்டு கேட்டுது. கிட்டமுட்ட வந்தது அது ஒண்டுதான்.

சனத்தில பிழை இல்ல மனே. தலைப்பில மீன் எண்டு எழுதினா, சனம் செதிலை எண்ணத்தானே செய்யும்? ஆனா ஒண்டு சொல்லு, இந்த மீனை இதுவரைக்கும் ஆர் கண்டது? 1848 இல டெனன்ட் துரை இஞ்ச வந்து, தோணியில போய், அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஈரவிரலால கண்ணாடிக் கிண்ணத்து விளிம்பைத் தேய்ச்சா வருமே, அப்படி எண்டு புத்தகத்தில எழுதி வச்சார். அவருக்கு மீன்பிடிகாரர் காட்டினது மீனே இல்ல, ஊரி எண்ட நத்தை! அது அழுற சத்தம் எண்டுதான் எங்கட ஆக்கள் சொல்லியிருக்கினம். மறுகா லாங் எண்ட பாதிரியார் சத்தத்தைப் பதிஞ்சு, அது இலங்கை வானொலியிலயும் போச்சு. நாடே கேட்டுது. காணத்தான் ஒண்டும் இல்ல. நாங்க விட்டமா? பாதி பொம்புளை, பாதி மீன் எண்டு மீன்மகளுக்குச் சிலை வச்சம். ஊரிக்குச் சிலை வச்சா ஆர் நிண்டு பாக்கிறது? காதுக்குரிய சாமானைக் கண்ணுக்குக் கேட்டது போட்டிக்காரர். நீ போய்க் காதையே எடுத்துக் குடுத்தா அவங்களுக்குக் கோவம் வராதா?

போட்டி எண்டா எங்கயும் இப்பிடித்தான். நீ போன்ல காட்டின பூநாரைப் படம் ஞாபகம் இருக்கா? ரெண்டு நீட்டுக் கால், நடுவில ரோசாப் பந்து, தலையைக் காணல்ல. அதை அரூபாத் தீவுக் கடற்கரையில எடுத்த மைல்ஸ் ஆஸ்ட்ரே, செயற்கை நுண்ணறிவுப் படங்களுக்கெண்டு வச்ச பிரிவில கொண்டுபோய்ப் போட்டான். 1839 விருதுகள் எண்டு போட்டிக்குப் பேர், 2024 இல நடந்தது. நடுவர் மூண்டாம் இடம் குடுத்தினம், சனத்தின்ட வாக்கிலயும் அதுதான் வெண்டுது. மறுகா, இது மெசின் கீறினது இல்ல, உயிரோட நிண்ட பறவை எண்டு அவனே சொல்ல, படத்தைத் தள்ளிப்போட்டினம். நியூயோர்க் டைம்ஸ், பொம்பிடூ மையம் எண்டு பெரிய இடத்து நடுவர்மார் மனே. அதில ஒருத்தர் எங்கட மண்முனைத் துறையில ஒரு காலமை வந்து நிண்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். கழுத்தை மடக்கி வயித்தைச் சொறியிற கொக்குக்குத் தலை தெரியாது.

அதுக்கு முதல் வருசம் மறுவளம். போரிஸ் எல்டாக்சன் எண்ட ஜெர்மன்காரன் மெசினால செஞ்ச படத்தை சோனி உலகப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பி வெண்டுபோட்டு, பரிசு வேணாம் எண்டுட்டான். பாத்தியா? மெய்யைப் பொய்யெண்டு அனுப்பினாலும் பரிசு, பொய்யை மெய்யெண்டு அனுப்பினாலும் பரிசு. உள்ளதை உள்ளபடி அனுப்பின நீதான் வெறுங்கையோட வந்து என்ட திண்ணையில குந்தியிருக்காய்.

அதால சொல்றன் கேளு. அடுத்த முறை படத்தில கையே வைக்காத, பேரை மாத்து. ‘பாடும் மீனைக் கேட்கும் முதியவர்’ எண்டு நாடகக்காரன் மாதிரிப் போடாம, ‘மீன் இல்லை’ எண்டு போடு. சனம் மினக்கெட்டுத் தேடும். எனக்கும் ஒரு சுருட்டுக்கட்டு வாங்கித் தா. காது என்டது, வாடகை இருக்கு.

இன்னொண்டு. வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நல்லம் எண்டு சவளை வலக்காதில வைக்கச் சொன்னாயே, நான் வாயைத் திறக்கல்ல. அந்தக் காது கேளாமப் போய் எட்டு வருசம். பாட்டைக் குடிக்குதாம்! பெத்தாட்டச் சொல்லிராத மனே. அவ கூப்பிடக்குள்ள நான் கேளாத மாதிரி நடிக்கிறன் எண்டுதான் இத்தனை வருசமா நம்பிக்கொண்டிருக்கா.