குறட்டு மாமா

பருத்தித்துறையில் பிள்ளையார் இல்லாத ஒழுங்கையைக்கூடத் தேடிப் பிடித்துக் காட்டலாம். குறட்டு மாமா இல்லாத ஒழுங்கை கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கும். அது தபால்காரருக்கும் கிராம சேவகருக்கும் மட்டும் தெரிந்த இரகசியம். கலியாண வீட்டுக்குப் பட்டு வேட்டி கட்டிப் போனாலும் மடியில் ஒரு சின்னக் குறடு செருகியிருக்கும். பந்தியில் இருக்கும்போது மேலே மின்விசிறி கிறீச்சிட்டால் பாயாசம் வரும்வரை பொறுக்கமாட்டார்.

பழுதான சாமான் ஒன்றை நீட்டிப் பாருங்கள். என்ன பழுது என்று கேட்கமாட்டார். “ஆர் உதை முதல்ல கழட்டினது?” என்றுதான் கேட்பார். ஒருவரும் கழட்டவில்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். திட்டுவதற்கு ஆளில்லாத திருத்தலில் அவருக்கு அரைச் சுவைதான். பிறகு காதோடு வைத்துக் குலுக்குவார், மணந்து பார்ப்பார், “ம்” என்பார். அந்த “ம்” வந்துவிட்டால் சாமான் இனி உங்களுடையதல்ல.

விறாந்தை மூலையில் பால்மா ரின் மூன்று. ஒன்றில் வளைந்த ஆணி. இரண்டாவதில் நிமிர்த்திய ஆணி. மூன்றாவதில் “எதுக்கோ உதவும்” என்ற இனம்: வானொலித் திருகு, மணிக்கூட்டுப் பல்லுச் சில்லு, சைக்கிள் வால்வு, யாருடையதென்று தெரியாத ஒரு மூக்குக்கண்ணாடிக் கால். மாமி அந்த மூன்றாவது ரின்னைத் தன்னுடைய சக்களத்தி என்பார்.

இந்தப் படிப்பை மாமா ஹாட்லிக் கல்லூரியில் படிக்கவில்லை. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி, மின்சாரமும் போய், பொருளாதாரத் தடையும் வந்தபோது குடாநாடு முழுக்கவே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியாகிவிட்டது. மாமா அதன் மூத்த மாணவர். ஹொண்டா 50க்கு ஒரு மூடி பெற்றோல் காட்டி உதைத்து, உயிர் வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி நெல்லியடிச் சந்தைக்குப் போய் வந்தவர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மகனைப் பெடலைச் சுற்றவிட்டு, டைனமோவில் பி.பி.சி. தமிழோசை கேட்டவர். செய்தி நீண்டால் மகனுக்குக் கை உளையும். அதனாலேயே அவன் சமாதானத்தை மனதார விரும்பினான். ரோச் லைற் பற்றரி அப்போது தடைப்பட்ட சாமான். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரு மணித்தியால உயிர் வாங்குவார்கள். எறியக்கூடாது என்பது கொள்கையாக இருக்கவில்லை. எறிந்தால் வேறு கிடையாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குத்தான் போன ஆவணியில், சந்நிதிக் கோயில் தேர் பார்க்க, லண்டனிலிருந்து தங்கச்சி மகன் வந்தான்.

வந்த மூன்றாம் நாள் கொல்லைப் பக்கமிருந்து மாம்பழ வாசம் வந்தது. மாம்பழக் காலம் முடிந்துவிட்டது. வீட்டிலோ மாமரமும் இல்லை. மாமி முதலில் பேயோ என்று பயந்தார். போய்ப் பார்த்தால் பெடியன் கிணற்றடியில் நின்று, விரல் நீளத்தில் ஒரு குழலை வாயில் வைத்துப் புகை விடுகிறான். வேப்.

மாமா கோபிக்கவில்லை. புகை அவருடைய பாடமில்லை. குழலின் நுனியில் ஒரு விளக்கு கண்ணடித்ததைத்தான் பார்த்தார். “உது ஏன் மினுங்குது?”

பெடியன் மனம்விட்டுப் புலம்பினான். பிளேனால் இறங்கியதிலிருந்து இதற்குச் சுகமில்லையாம். முதலில் ஒழுகியது. பிறகு இழுத்தால் காற்று வரவில்லை. பிறகு இழுக்காமலே தன்பாட்டில் சுட்டது. நேற்று ஒரே கருகல் நாற்றம். இன்றைக்குக் கண்ணடித்துவிட்டுப் படுத்துவிட்டது.

மாமாவுக்கு அன்றைக்குத்தான் சந்நிதித் தேர். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். “ஒழுகினது ஏனெண்டால், மேல பறக்கேக்க அமுக்கம் குறையும், உள்ளுக்கிருக்கிற காத்து விரிஞ்சு தண்ணியை வெளியில தள்ளும். இஞ்சத்தை வெயில் மிச்சத்தையும் இளக்கிப்போடும். நீ அதைப் படுக்கவும் வைச்சிருக்கிறாய். நிமித்தி வைக்கவேணும்.” காற்று வராததற்குக் காரணம் கீழ்த்துவாரத்தில் அடைந்திருந்த காற்சட்டைப் பையின் நூல்தும்பு. ஈர்க்கால் ஒரு கிண்டு, வெளியே வந்தது. இழுக்காமலே சுட்டதற்கும் விளக்கம் இருந்தது. இழுப்பதைக் கண்டுபிடிக்க உள்ளே மைக் மாதிரி ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. அதில் ஈரம் பட்டால் அது ஆளில்லாமலே ஆள் வந்ததென்று சொல்லும். “கோயில் மைக்கில எச்சில் பட்டால் ஐயர் வாய் திறக்க முன்னமே குளறுமெல்லே, அதுதான்.” கருகலுக்குக் காரணம் திரி காய்ந்தது. கண்ணடித்தது பற்றரி இறங்கிவிட்ட அறிவிப்பு.

“சரி, சார்ஜ் போடுற ஓட்டை எங்கை?”

“இதுக்கு அது இல்லை மாமா. முடிஞ்சால் எறியிறதுதான்.”

மாமா குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை உண்மையாகவே இல்லை. “எறியிறதுக்கெண்டே செய்தவங்களோ?” என்று கேட்டார். பெடியன் தலையாட்டினான். “ம்” என்றார் மாமா.

வாளி நிறையக் கடற்கரை மணல் வந்தது. லிதியம் பற்றரியில் குறடு குத்தினால் தீப்பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். பெடியனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முட்டைக் கோது உரிப்பதுபோல் தோலை உரித்தார். நாங்கள் செய்யக்கூடாத வேலை; அவரைத் தடுக்கத்தான் முடியாது. உள்ளே ஒரு சுருள் கம்பி, அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் ஊறிய தண்ணி. மாமா மணந்து பார்த்தார். “கோடா!” என்றார். எங்கள் சுருட்டுக்காரர் இலைக்கு வாசமும் காரமும் ஏற்றப் போடுகிற அதே சங்கதி. பிறகு பஞ்சைப் பார்த்துச் சிரித்தார். “உது எங்கட ஜாம் போத்தல் விளக்கடா. அடியில பஞ்சு, அது குடிக்கிற அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில திரி. நாங்கள் படிக்கிறதுக்குக் கொளுத்தினம், நீங்கள் வாயில வைக்கிறியள்.”

“இஞ்சேருங்கோ, உந்தக் கையோட சோத்தில வையாதேங்கோ” என்று மாமி சவர்க்காரத்தோடு வந்து நின்றார். நியாயம்தான். நிக்கொற்றின் தோலாலும் ஏறும்.

கைகழுவி வந்த மாமா பற்றரியில் மீற்றரை வைத்தார். முள் மூன்றைத் தாண்டி நின்றது. அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “தம்பி, உது சாகேல்லை. திருப்பிச் சார்ஜ் ஏத்தக்கூடின பற்றரி. ஓட்டை வைக்காமல் விட்டிருக்கிறாங்கள், அவ்வளவுதான். உயிரோட எல்லோ குப்பையில போடுறியள்!”

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இப்படி எறிந்த வேப்புகளின் பற்றரிகளை எடுத்துச் சோதித்து, நூற்றுக்கணக்கான தடவை திருப்பி ஏற்றலாம் என்று 2023இல் எழுதியிருக்கிறார்கள். மாமா அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை, மீற்றரைப் படித்தார். பிரித்தானியாவில் அந்த ஆண்டுக் கணக்கின்படி கிழமைக்கு ஐம்பது இலட்சம் வேப் எறியப்பட்டது என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. 2025 ஜூன் 1 முதல் அங்கே இந்த எறிசாதி வேப்பை விற்கத் தடை. பெடியனிடம் இருந்தது பழைய கையிருப்பு. “தடையோ?” என்றார் மாமா. அந்தச் சொல் அவருக்குப் பழக்கம். ஆனால் கிடையாததற்குப் போட்ட தடையைத்தான் அவர் கண்டிருக்கிறார். கூடிப்போனதற்குப் போட்ட தடை அவருக்குப் புதினம்.

பற்றரி மூன்றாவது ரின்னுக்குப் போயிற்று. மாமிக்கு இன்னொரு சக்களத்தி.

பெடியன் புறப்பட்ட அன்று மாமி இரண்டு பை பருத்தித்துறை வடை கட்டினார். மாமா கேற்றடியில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இரகசியம்போலச் சொன்னார்: “அடுத்த முறை வரேக்க, உன்ர சிநேகிதப் பெடியள் எறியிறதுகளையும் பொறுக்கிக்கொண்டு வா.”

“ஐயோ மாமா, அவ்வளவு பற்றரியைப் பிளேனில விடமாட்டாங்கள். செக் பண்ணிப் பறிச்சுப்போடுவாங்கள்.”

மாமா குறட்டை மடியில் செருகிக்கொண்டார்.

“பற்றரியைச் செக் பண்ணிப் பறிக்கிறதோ? ஆருக்கடா சொல்லுறாய்? சோத்துப் பார்சலுக்கை வைச்சுக் கொண்டு வா.”