ராசியான வீடு

வீட்டை விற்கப் போகிறீர்களா? முதலில் நிலைக்கதவுக்குப் பட்டி பாருங்கள். செல் தின்று கூடாகிப்போன சட்டத்துக்குள் பட்டியை அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, தேக்கு நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டால் அது தேக்குதான். பரண்வரை ஏறிய மண் கோட்டைத் துடைப்பத்தால் தட்டிவிடலாம். உள்ளே இருப்பவை மறுபடி கட்டத் தொடங்கிவிடும் என்பதால், அதற்குள் அட்வான்ஸ் வாங்கிவிடுவது உத்தமம்.

வாங்க வருகிறவரைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர் 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறதா என்று வாஸ்துக்காரரை வைத்து அளப்பார். கதவுச் சட்டத்தை மட்டும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க மாட்டார். அது மரியாதை இல்லையாம். தப்பித்தவறிக் கேட்டாலும் தரகர் இருக்கிறார்: "பழைய வீடுன்னா அப்படித்தான் சார், கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்தினாப் போயிடும். ராசியான வீடு!" இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர் ஒரு பக்கத்துக்காவது உண்மை சொல்லக் கூடாதா?

விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு: வாங்குபவரின் சாதாரணக் கவனத்துக்குத் தென்படாத முக்கியக் குறை தனக்குத் தெரிந்திருந்தும் மறைத்தால், அது மோசடி. நாம் அதற்கு வைத்திருக்கும் பெயர் சாமர்த்தியம். பத்திரத்தில் "யாதொரு வில்லங்கமும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது வில்லங்கம் நிலைக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் வாங்கும் அரசு வீட்டை எட்டியே பார்ப்பதில்லை என்று பழி சொல்லவும் முடியாது. கட்டட மதிப்பைக் குறைத்துக் காட்டினீர்களா என்று பார்க்கக் களப்பணிக்கு வருவார்கள். சதுர அடியை அளப்பார்கள். அதில் செல்லின் அனுபவத்தில் உள்ள பாகத்தைக் கழிப்பதில்லை.

புது அடுக்ககம் என்றால் தப்பித்தோம் என்கிறீர்களா? தரைக்கு அடியில் நிரப்பிய மண்ணில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரையான் மருந்துக் கரைசல் விட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 6313 தர நிர்ணயம். பல மனைகளில் மண்ணுக்குக் கிடைப்பது மருந்து வாசனையுள்ள தண்ணீர். வேலைத்தரத்தில் குறை தெரிந்தால் 5 ஆண்டுவரை கட்டியவர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. கேட்டுப் பாருங்கள், "செல் இயற்கை சார், நாங்க என்ன பண்றது?" என்பார். மருந்துக்குக் கை வராத அதே மனிதர்தான் பூமி பூஜைக்குப் பந்தல் போட்டு, அமைச்சரை அழைத்து, ஊருக்கே சாப்பாடு போட்டார்.