ஏதென்ஸ் சபையில் பவுல்

கேள்வி: பைபிளைப் படிக்க பைபிள் போதாதா? ஆய்வாளர்கள் எதற்குக் கிரேக்கத் தத்துவத்தை இழுக்கிறார்கள்?

பதில்: இழுத்தது அவர்களா? அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஏதென்சில் எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற இரு தத்துவக் கோஷ்டிகளும் பவுலை மடக்குகின்றன. அவரோ வேதத்தை விரிக்காமல் கிரேக்கப் புலவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். அவர் எடுத்துச் சொன்ன வரி, நட்சத்திரங்களையும் வானிலையையும் பாடிய அராட்டஸுடையது. அங்கே அது கிரேக்கக் கடவுள் சியூஸைப் பற்றியது! அராட்டஸ் கிலிக்கியாக்காரர், தர்சு பட்டணத்துப் பவுலும் அப்படியே. (ஊர்ப்பாசம் யாரை விட்டது?) பவுல் உயிர்த்தெழுதல் என்றதும் சிரிப்பு கிளம்பியது. செத்தால் அணுக்கள் சிதறிவிடும், அவ்வளவுதான் என்று நம்பிய எப்பிக்கூரர் வேறென்ன செய்வார்கள்? சிலர் மட்டும் நாகரிகமாக, இன்னொரு நாள் கேட்டுக்கொள்கிறோம் என்று நழுவினார்களாம்.