தரூர் ஊரில் ஊமை

கே: என் மகள் திருவனந்தபுரத்தில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். இலக்கணத்தில் மார்க் அள்ளுகிறாள். பேசச் சொன்னால் ஊமையாகிவிடுகிறாளே?
– ஒரு தகப்பனார், நாகர்கோவில்

ப: 2009 முதல் சசி தரூர் எம்.பி.யாக இருக்கும் ஊரில் ஆங்கிலம் பேசக் கூச்சம் வராதா, பின்னே! 2017இல் அவர் 'ஃபராகோ' என்று ஒரு ட்வீட் போட, நாடே அகராதியைப் புரட்டியது.

பரீட்சையில் 'டிட் யூ கோ' என்று சரியாக எழுதும் பிள்ளைதான் கேன்டீனில் 'டிட் யூ வென்ட்' என்று கேட்கும். விதி தெரியும், பேச்சு வேகத்தில் யோசிக்க நேரமில்லை. மொழிக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா ஆக்ஸ்ஃபோர்டு 1990இல் மொழி கற்கும் உத்திகளை ஆறாகப் பிரித்தார். நம்மவர்கள் முதலாவதான மனப்பாடத்திலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். கூச்சத்தைச் சமாளிப்பது ஐந்தாவது, பிறரோடு பேசிப் பழகுவது ஆறாவது. அதுவரை யார் போகிறார்கள்?

மகள் ஊருக்கு ரயிலில்தானே வருவாள்? கேரள எல்லையான பாறசாலை வரை தோழியோடு ஆங்கிலம் மட்டும். தப்புக்கு ஒரு பழம்பொரி அபராதம். குழித்துறை வந்ததும் தமிழில் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.