மருமோனின்ர நாரியும் மில்லிமீற்றர் கணக்கும்

மருமோன், இடுப்பு விலகிப் போச்செண்டு ஆரோ சொன்னதைக் கேட்டு மட்டக்குளிச் சந்தியில நொண்டி நொண்டித் திரியிறீராம். மாமி சொன்னா. நேற்றுவரைக்கும் பிளட்ஸில மூண்டு மாடி ஏறி இறங்கின கால், ஒருத்தர் பெருவிரலை வைச்சுப் பார்த்த உடன கட்டையாப் போச்சோ?

முதுகை நீவி முறிக்கிற அந்தக் கைரோபிராக்டர் செய்ததை நான் சொல்லுறன், சரியோ எண்டு பாரும். முதல்ல குப்புறப் படுக்க வைச்சிருப்பார். ரெண்டு குதிக்காலையும் சேர்த்துப் பிடிச்சு, எது மேல ஏறி நிக்குதெண்டு பார்த்திருப்பார். பிறகு முழங்காலை மடக்கித் திரும்பவும் அதே பார்வை. எழுப்பி நிப்பாட்டி, பின்னால நிண்டு இடுப்பெலும்பின்ர மேல் விளிம்பில ரெண்டு கையையும் வைச்சு உயரம் பார்த்திருப்பார். நாரிக்குக் கீழ ரெண்டு குழி இருக்கல்லோ, அதில பெருவிரல் வைச்சு, "ஒரு முழங்காலைத் தூக்குங்கோ" எண்டிருப்பார். நீரும் காக்கைத்தீவுக் கொக்கு மாதிரி நிண்டிருப்பீர். தூக்கின பக்கத்துப் பெருவிரல் கீழ இறங்கினால் மூட்டு அசையுதாம். இறங்காட்டி இறுகிப் போச்சாம். எல்லாம் முடிய முகத்தைச் சுருக்கி ஒரு "ம்..." போட்டிருப்பார். காசு அந்த "ம்"முக்குத்தான்.

இந்த வித்தை 1895இல அமெரிக்காவில டேவன்போர்ட் எண்ட ஊரில தொடங்கினது. தொடக்கினவர் பாமர், அதுக்கு முதல் காந்த வைத்தியம் செய்தவர். முதுகெலும்பைத் தட்டி ஒரு செவிடனுக்குக் காது கேக்க வைச்சாராம். காது நரம்பு மண்டையோட்டுக்குள்ளதான் ஓடுது; அது முதுகுப் பக்கம் எப்ப வந்ததெண்டு கேக்காதேயும், பெரிய மனுசர் கோவிப்பினம்.

உம்மட விசயத்துக்கு வாறன். முள்ளந்தண்டின்ர அடியும் இடுப்பெலும்பும் சேருற மூட்டு லேசில அசையாது. 1989இல சுவீடனில நோயாளியளின்ர எலும்புக்குள்ள குட்டி உலோகக் குண்டுகளை வைச்சு எக்ஸ்ரேயில அளந்தவை. சராசரி அசைவு 2.5 பாகை, 0.7 மில்லிமீற்றர். இதைத்தான் உம்மட தோல், கொழுப்பு, காற்சட்டை எல்லாத்துக்கும் மேலால அவர் பெருவிரலால கண்டுபிடிச்சிருக்கிறார்!

1998இல அதே சுவீடனில 10 பேரை வைச்சுப் பார்த்த கதை இதைவிட வடிவு. மூட்டைத் திருப்ப முன்னம் கையால பார்க்கக் கோணல். "டக்" எண்டு திருப்பின பிறகு கையால பார்க்க நேர். எக்ஸ்ரேயில பார்த்தால் பத்துப் பேரில ஒருத்தருக்கும் எலும்பு இருந்த இடத்தை விட்டு அசையேல்லை. அப்ப நேராக்கினது எதை? பெருவிரலையோ?

கால் நீளத்தை விடும். பத்தில ஒன்பது பேருக்கு ரெண்டு காலும் ஒரே அளவில்லை. சராசரி வித்தியாசம் அஞ்சு மில்லிமீற்றர் வரும். கொப்பருக்கும் இருந்திருக்கும். அதோடதான் மனுசன் முகத்துவாரத்தில இருந்து புறக்கோட்டைக்கு நடந்து போய் வேலை செய்தவர்.

நீவி முறிச்சால் கொஞ்ச நாளைக்கு உளைவு குறையலாம், அதை நான் மறுக்கேல்லை. ஆனால் முறிக்கேக்க கேக்கிற சத்தம் மூட்டுத் திரவத்தில வாயுக்குமிழியால வாற சத்தம்; எலும்பு ஏறி இருக்கிற சத்தமில்லை.

இனி ஒரு வேலை செய்யும். இன்னொரு ஆளிட்டப் போம். முதல் ஆள் இடக்கால் கட்டை எண்டவர் எண்டு வாய் திறவாதேயும். இவர் வலக்கால் எண்டால், ரெண்டு பேரையும் ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் கூப்பிட்டு, நீர் நடுவில இரும். ஆர் வெண்டவை எண்டு எனக்கு வந்து சொல்லும்.

அதுக்கு முன்னம் பின் பொக்கெற்றில கிடக்கிற பேர்ஸை வெளியில எடும். நாள் முழுக்க அதுக்கு மேல இருந்தால் ஆருக்கும் ஒரு பக்கம் உயரும். மாசக்கணக்கா வரச்சொல்லி முதல் ஆள் அட்டை வேற தந்தவராம். பேர்ஸ் தானா மெலியும், பயப்படாதேயும்.

பகிடி இவ்வளவும்தான். கவட்டுக்குள்ள விறைச்சாலோ, சலம் போகாட்டியோ, கால் பெலமில்லாமல் மடங்கினாலோ பெருவிரல்காரரிட்டப் போகாதேயும். 1990க்கு அடியும், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பெரியாஸ்பத்திரியிலயும் காசு கேக்காயினம்.