தமிழுக்கு எத்தனை பைட்?

ஜாவாவில் கோப்பைப் படிக்க இன்புட்ஸ்ட்ரீம் இருக்கிறதே, ரீடர் வேறு எதற்கு? ஒரு கிணற்றுக்கு இரண்டு வாளியா?

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நீங்கள் 3 என்பீர்கள். அதையே யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு கோப்பில் எழுதி இன்புட்ஸ்ட்ரீமைக் கேளுங்கள், 15 என்னும்! அது பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் பைட்தான். 'த' என்ற ஓர் எழுத்து அதன் கைக்கு 224, 174, 164 என்று மூன்று எண்ணாக வருகிறது. ஒவ்வொன்றையும் தனி எழுத்தாக மாற்றினால் திரையில் குப்பைதான் கொட்டும். மூன்றையும் சேர்த்து 'த' ஆக்கித் தருவது ரீடரின் வேலை. 1997இல் ஜாவா 1.1 அதைக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ரீடரே போதுமே?

ஜேபெக் படம் 255, 216 என்ற இரண்டு பைட்டோடு தொடங்கும். யூடிஎஃப்-8இல் 255க்கு இடமே கிடையாது. ரீடர் அங்கே வேறொரு குறியை வைத்துவிடும். திரும்ப எழுதினால் படம் பாழ். எனவே எழுத்துக்கு ரீடர், படத்துக்கும் பாட்டுக்கும் ஸ்ட்ரீம்.

2022இல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப்-8தானே இயல்பான குறியாக்கம் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கோப்பை எழுதியவர் எந்தக் குறியாக்கத்தில் எழுதினார் என்பது ஜாவாவுக்குத் தெரியாது. அந்தக் குறியாக்கத்தின் பெயரைச் சொல்லித் திறங்கள். தமிழ் தமிழாகவே வரும்.